நான்கெல்லை

முப்பத்தோரு வருஷம்
பாலக்கோட்டில் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
பத்திரம் எழுதினேன்.
பொம்பளை எழுதினால் வில்லங்கம் வரும் என்றவர்களுக்கும்
நான்தான் எழுதினேன்.
வடக்கே சின்னமாதன் புஞ்சை,
தெற்கே ஓடை,
கிழக்கே மேற்படியார் பங்காளி வரப்பு,
மேற்கே வண்டிப்பாட்டை.
இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய நிலம்.
அடங்காத எதையும் எழுதியதில்லை.

இப்போது எங்கள் வீடு
பதினாலடி நீளம், ஆறடி அகலம்.
வேடியப்பன் ஓசூருக்கு ஷிப்டு போன வேன்.
கம்பெனி ஏலம் விட்டபோது எடுத்தார்.
பின்சீட்டு உறையில்
தன் தலை தேய்த்த எண்ணெய்க் கறையைக் காட்டி
இது என் சீட்டு என்றார்.
சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டோம்.
அந்த உறையை மட்டும்
ஜன்னல் திரையாக்கிவிட்டார், மனுஷன்.

இருபத்தேழு வருஷம் இதே ரோட்டில்
தூங்கிக்கொண்டே போயிருக்கிறார்.
ராயக்கோட்டை மலை தெரிந்ததும்
வண்டியை ஓரங்கட்டி
"இது எப்ப வந்துச்சு?" என்றார்.

பெர்த்திலிருந்து மகன் படம் அனுப்பினான்:
செம்மண், வானம், நடுவில் ஒரு வேன் வீடு.
அங்கே முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு பெட்ரோல் பங்காம்.
கேனில் தண்ணீர் இல்லாமல் நகரக்கூடாதாம்.
எங்களுக்கு முந்நூறு மீட்டருக்கு ஒரு டீக்கடை.
ஆனால் செம்மண் அதே செம்மண்தான்,
ஊத்தங்கரை தாண்டினால்
துவைத்துக் காயப்போட்ட வேட்டியே சாட்சி.

அஞ்செட்டி மலைப்பாதையில் ஒருத்தன்
பாதி ரோட்டுக்கு வந்து கை காட்டினான்.
யாருக்கோ உயிர் போகிறதென்று பிரேக் போட்டோம்.
ஒரு பலாப்பழம் போக வேண்டியிருந்தது,
தேன்கனிக்கோட்டைக்கு,
அவன் தங்கச்சி வீட்டுக்கு.
கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி,
வழியெல்லாம் பேசினான் மாதேவப்பா.
பழத்தை இறக்கும்போது
அவனும் வேடியப்பனும் வாடா போடாவுக்கு வந்திருந்தார்கள்.

காவேரிப்பட்டணத்தில் பஞ்சர் ஒட்டும் குல்சார் பாய்
போன ஆடியில் இருந்த இடத்தில் இல்லை.
கடை இருந்த இடம் புதுத் தார்.
அவர் நம்பர் தற்சமயம் உபயோகத்தில் இல்லை.
காற்று சரியாயிருந்தும்
நாலு டயரையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு
வேடியப்பன் வண்டியை எடுத்தார்.

திம்மராயனுக்கு முகவரி கிடையாது.
நூற்றெண்பது ஆடு, ஒரு வலை, ஒரு பட்டன் போன்.
கடலை பிடுங்கின கொல்லையில் கிடை போடுவான்.
எங்கே என்றால் ஊர்ப்பேர் வராது.
"கரண்ட் கம்பத்துல காக்கா கூடு கட்டியிருக்குமே, அங்க."
கெலமங்கலத்துக்கு அந்தப்புறம்
மூணு கூட்டில் ஏமாந்து
நாலாவது கூட்டில் பிடித்தோம், நன்றாக இருட்டிய பிறகு.

அன்று தக்காளி கிலோ ரெண்டு ரூபாய்.
மண்டியிலிருந்து விற்காமல் திரும்பிய டெம்போவோடு
செந்தாமரையும் வந்துவிட்டாள்.
ரோட்டோரம் கொட்ட மனசில்லை,
பெட்டி பெட்டியாக இறக்கினாள்.
ஆட்டுக்குக் கொஞ்சம்.
மிச்சம் ஓர் அண்டா கடைசல், களிக்கு.
கை கழுவின தண்ணீரும் சிவப்பு.
"ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
அடுத்து எந்தப் பக்கம் என்று மட்டும்
கேட்டுக்கொண்டோம்.

தூக்கம் வரவில்லை.
பழக்கதோஷம், டார்ச் அடித்து எழுதினேன்:

வடக்கே திம்மராயன் கிடை, விடிந்தால் நகரும்.
தெற்கே செந்தாமரை டெம்போ,
மூணு மணிக்குக் கிளம்பும்.
கிழக்கே பேர் தெரியாதவர் கடலைக் கொல்லை.
மேற்கே மாமூல் வழிநடைப் பாத்தியம்.
இந்த நான்கெல்லைக்குள்
பதினாலுக்கு ஆறடி,
மரமட்டை இல்லை,
குறட்டை உள்பட.
வில்லங்கம் ஒன்று உண்டு:
முன்சக்கரத்தடியில் ஒரு குட்டி படுத்திருக்கிறது.
அது எழுந்தால்தான் கிளம்பமுடியும்.